இழுப்பது ஒன்று, நிறுத்துவது வேறு

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மலையேறியவற்றைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணைக்காகச் சுண்ணாம்பும் இரும்பும் ஆட்களும் கூடலூர்ப் பக்கத்திலிருந்து மேலே போனதும், 1895-ல் அணை திறந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் வந்ததும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆனால் போடி, கம்பம், தேனி ஊர்களின் வியாபாரம் வளர்ந்தது மலையிலிருந்து இறங்கிய சரக்கால். ஏலக்காயும் மிளகும் காபியும் தேயிலையும் இறங்கித்தான் சந்தைக்கு வந்தாக வேண்டும். ஏற்றத்தில் வலு போதாவிட்டால் வண்டி நின்றுவிடும். ஆள் கூட்டித் தள்ளிக்கொள்ளலாம். இறக்கத்தில் வண்டியை அடக்க முடியாவிட்டால் திருத்திக்கொள்ள நேரமே இல்லை. ஆகவே இந்தப் பள்ளத்தாக்கின் போக்குவரத்தை எடைபோட நினைப்பவர், இழுக்கும் சக்தி எப்படி வளர்ந்தது என்பதோடு நிறுத்தும் சக்தி எங்கே வைக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சுமைக்கென்று தனியாக ஒரு பிரேக் கிடைத்த போதெல்லாம் கொண்டுபோகும் அளவு பெருகியிருக்கிறது. கிடைக்காத போது சுமையோ வேகமோ குறைந்தே இருந்திருக்கிறது. இந்த ஒழுங்குக்குள் வராமல் தப்பிய பெரிய வாகனம் ஒன்றுதான்: டிராக்டரின் பின்னால் போகும் டிரெய்லர். அது தப்பியதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைவு அல்ல, வழக்கம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சக்கரத்துக்கு முந்தைய காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் கழுதையின் மேலும் சரக்கு போனபோது, சுமந்தவரின் காலே பிரேக். சுமை தனியாக உருண்டு முன்னால் நிற்பவரைத் தள்ளாது. மாட்டு வண்டி வந்த பிறகுதான் இழுப்பது வேறு, இழுபடுவது வேறு என்று ஆனது. சமவெளியில் அந்தப் பிரிவு நன்மையே செய்தது. இரண்டு மாடுகள் தங்கள் முதுகில் தாங்க முடியாத பாரத்தை அச்சும் சக்கரமும் தாங்கின. சரிவில் அதே அச்சு மாட்டுக்கு எதிரியானது. பாரம் நுகத்தடியை முன்னுக்குத் தள்ள, மாடு பின்னங்காலை ஊன்றிக் கழுத்தாலும் கொம்படியாலும் அதைத் தாங்க வேண்டும். மலைச்சாலை வண்டிக்காரர்கள் சக்கரத்தில் உரசும்படி மரக்கட்டை பொருத்துவதும், ஒரு சக்கரத்தைச் சுழலவிடாமல் கயிற்றால் கட்டி இழுபட விடுவதும், வண்டிக்குப் பின்னால் கனத்த மரத்தைக் கட்டித் தேய்த்துக்கொண்டு இறங்குவதும் உலகெங்கும் இருந்த வழக்கங்கள். பிடிக்க வேண்டியது மாட்டை அல்ல, சக்கரத்தை என்ற அறிவு இவை எல்லாவற்றுக்கும் பொது. ஆனாலும் கட்டையும் கயிறும் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஓடும்போதே மாற்ற முடியாது. அதனால் மலைவண்டியில் பாரத்தைக் குறைத்தே ஏற்ற வேண்டியிருந்தது.

தோட்டங்கள் பெருகியபோது இந்தக் குறைந்த பாரம் கட்டுப்படியாகவில்லை. மூணாறு மலையின் தேயிலை அந்தக் காலத்தில் போடி வழியாகத்தான் வெளியே போனது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் 1902-ல் ஈவிங் முறையில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். அதில் மாடுகள் வண்டிகளை இழுத்தன. 1908-ல் அது இரண்டடி அகலச் சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடி வரைக்கும் சுமார் 5 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பிவடத்தில் பெட்டிகள் இறங்கின. கொட்டகுடிக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்ற பெயரே வந்துவிட்டது. அங்கிருந்து போடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி. கவனிக்க வேண்டியது என்னவென்றால், மேட்டுநிலத்தில் ஓடிய பாதையில் மாடும் எஞ்சினும் போதுமாக இருந்தன. செங்குத்தான சரிவு வந்ததும் சக்கர வண்டியையே கைவிட்டுக் கம்பிவடத்துக்கு மாறினார்கள். கம்பிவடத்தில் ஒவ்வொரு பெட்டியும் வடத்தோடு பிணைந்திருக்கும். வடத்தின் ஓட்டத்தை நிலையத்தில் உள்ள சக்கரம் கட்டுப்படுத்தும். ஒரு பெட்டி இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு ஓட வழியே இல்லை. 1924 ஜூலை வெள்ளம் மேலே இருந்த சிறு ரயிலை அழித்துவிட்டது. பிறகு மோட்டார் சாலைகள் வந்தன, கம்பிவடமும் வழக்கொழிந்தது. ஆனாலும் சரிவில் சுமையைத் தனியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஏற்பாடு இந்த மாவட்டத்தில் வேறு இல்லை.

1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் பாதை ரயில் வந்தபோது, அந்த அறிவு வெளியுலகத்திலிருந்து முழுமை பெற்று வந்து சேர்ந்தது. தொடக்க கால ரயில்களில் எஞ்சினிலும், கார்டு நிற்கும் பெட்டியிலும் மட்டுமே பிரேக் இருக்கும். 1869-ல் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்கைக் கொண்டுவந்து, அடுத்த சில ஆண்டுகளில் அதைத் தானாக இயங்குவதாக மாற்றினார். குழாய் அறுந்தாலும் பெட்டி கழன்றாலும் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அந்த மாற்றத்தின் உயிர். இருந்தும் பல கம்பெனிகள் செலவு என்று தள்ளிப்போட்டன. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மாவில், மேட்டில் ஏற முடியாமல் நின்ற சுற்றுலா ரயிலை இரண்டாகக் கழற்றினார்கள். பின்பாதி சரிவில் உருண்டு பின்னால் வந்த ரயிலில் மோதி 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் ரயிலின் எல்லாப் பெட்டிகளுக்கும் தானியங்கி பிரேக் வேண்டும் என்று சட்டம் போட்டது. ஆகவே ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் ஏறி இறங்கத் தொடங்கும் முன்பே, பெட்டிக்குப் பெட்டி பிரேக் என்பது ரயில் உலகில் விவாதம் முடிந்த விஷயம். போருக்காக 1942-ல் தண்டவாளத்தைப் பெயர்த்ததும், ஐம்பதுகளில் திரும்பப் போட்டதும், 2010 முடிவில் அகலப்பாதைக்காக நிறுத்தியதும், 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மறுபடி ரயில் வந்ததும் தனிக்கதை. இவ்வளவு மாற்றத்திலும் எஞ்சின் மட்டும் பிடித்தால் போதும் என்ற பேச்சு ஒருமுறையும் எழவில்லை.

டிராக்டர் வேறு வழியாக வந்தது. அது உழவுக்கு வந்த கருவி. 1959-ல் ஐஷர் நிறுவனமும், 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனமும் இந்தியாவில் டிராக்டர் தயாரிப்புக்கு வழி திறந்தன. ஆனால் ஆண்டில் சில வாரங்கள் உழுவதற்காக மட்டும் இவ்வளவு முதல் போட யாருக்கும் கட்டாது. கலப்பையைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மாட்டினால் ஆண்டு முழுவதும் வேலை உண்டு: வாழைத்தார், தேங்காய், கரும்பு, செங்கல், எரு, மண். டிராக்டர் தொழிற்சாலையில் உருவாகிப் பரிசோதனை முடிந்து வருகிறது. டிரெய்லரோ பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் பழைய லாரி அச்சு, சேனல் இரும்பு, தகரம் கொண்டு வெல்டிங் செய்து உருவாகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் விவசாய டிராக்டரைப் போக்குவரத்து அல்லாத வாகனமாகவே வகைப்படுத்துகின்றன. வயலின் சாமான் என்ற எண்ணம் இப்படி எல்லாத் திசையிலும் உறுதிப்பட்டுவிட்டதால், ரோட்டில் அது என்ன செய்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போனது. மாட்டு வண்டி காலத்துக் கட்டையும் போனது. ரயில் காலத்துக் குழாயும் வரவில்லை.

இதனால் என்ன ஆகிறது என்பதை எளிய கணக்கிலேயே காட்டலாம். இரண்டு டன் எடையுள்ள டிராக்டர், பின்னால் நாலு சக்கரமும் ஐந்து டன் எடையும் கொண்ட டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டரின் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும். அவற்றின் மேல் இருக்கும் எடை சுமார் 1.3 டன். காய்ந்த சாலையில் டயரின் பிடிப்பு அந்த எடையில் 60 சதவீதம் என்றால், அதிகபட்சமாக 780 கிலோ எதிர்விசை கிடைக்கும். இருபதுக்கு ஒன்று சரிவில் ஏழு டன் கூட்டு வண்டி 350 கிலோ விசையோடு கீழே தள்ளும், சமாளிக்கலாம். பத்துக்கு ஒன்று சரிவில் அது 700 ஆகிறது; வேகம் கூடாமல் காக்கவே எல்லாம் செலவாகி, நிறுத்த மிஞ்சுவது 80 கிலோ. மழையில் பிடிப்பு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் கையில் இருப்பது 520 மட்டுமே. பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் டயர் வழுக்கும். வளைவாக இருந்தால் பின்னால் வரும் பாரம் கொக்கியைப் பக்கவாட்டில் தள்ளி டிராக்டரை மடக்கிவிடும். டிரெய்லரின் சக்கரங்களிலும் பிரேக் இருந்தால், அதன் ஐந்து டன் எடையே நிறுத்தும் விசையாக மாறுகிறது. காய்ந்த சாலையில் கூடுதலாக 3,000 கிலோ வரை கிடைக்கும். டிராக்டர் பிரேக்கை எத்தனை உயர்ந்ததாக மாற்றினாலும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. பற்றாக்குறை பிரேக்கில் இல்லை, அது பிடிக்கும் சக்கரத்தின் மேலுள்ள எடையில் இருக்கிறது.

இதற்கான தீர்வு ஏறக்குறைய நூறு வருடப் பழசு. அமெரிக்காவின் பெலாய்ட் ஊரைச் சேர்ந்த ஆர்தர் வார்னர், மோட்டார் வண்டிக்கு வேகமானி செய்து பெயரெடுத்தவர். 1927-ல் மின் பிரேக் கம்பெனி தொடங்கினார். டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி, கூடவே சிறிது இழுபட்டு, ஒரு நெம்புகோலைத் திருப்பும். அது பிரேக் ஷூவை விரித்து டிரம்மில் அழுத்தும். ஓட்டுநர் அருகே இருக்கும் கன்ட்ரோலர், எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும். அதற்கு நான்கு ஒயர்கள் போதும்: 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒன்று, எர்த் ஒன்று, பிரேக் விளக்குச் சுவிட்சிலிருந்து ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று. பேட்டரி ஒயரில் இரண்டு பிரேக்குக்கு 20 ஆம்பியர், நான்குக்கு 30 ஆம்பியர் அளவில் பாதுகாப்பு பிரேக்கர் இருக்க வேண்டும். டிரெய்லர் கழன்றால் அதிலுள்ள சிறு பேட்டரியே பிரேக்கைப் பிடிக்கவைக்கும் சுவிட்சும் உண்டு. வெஸ்டிங்ஹவுஸின் கொள்கைதான் இங்கே மின்சாரத்தில் வருகிறது. பொருத்துவதைவிட முக்கியம் அளவு வைப்பது. பாரம் ஏற்றி, காய்ந்த சமதளச் சாலையில், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கை லிவரால் இயக்கிப் பார்க்க வேண்டும். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலை வரை அளவைக் கூட்டி, அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்த வேண்டும். காலி டிரெய்லருக்கு அதே அளவு வைத்தால் சக்கரம் தேயும். பாரத்துக்குக் குறைவாக வைத்தால் முன்வண்டி தள்ளப்படும். மரக்கட்டையாலும் கயிற்றாலும் செய்ய முடியாமல் போன ஒன்று, அதாவது பாரத்துக்குத் தக்கபடி பிடியை மாற்றுவது, இங்கே ஒரு திருகில் முடிகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவை பலமற்றவை அல்ல. டிராக்டர் மெதுவாகப் போகிறது, பிரேக் எதற்கு என்பது முதலாவது. மேலே உள்ள கணக்கில் வேகம் எங்கும் வரவில்லை. சரிவு, எடை, பிடிப்பு மூன்றும்தான் வந்தன. மெதுவாகப் போவது அடியின் கடுமையைக் குறைக்கும், அடக்கும் விசையைக் கூட்டாது. முதல் கியரில் இறக்கினால் எஞ்சினே பிடிக்கும் என்பது இரண்டாவது. உண்மைதான், நல்ல ஓட்டுநர்கள் அப்படித்தான் இறக்குகிறார்கள். ஆனால் எஞ்சின் பிடிப்பதும் அதே பின்சக்கரங்கள் வழியாகத்தான். 520 கிலோ எல்லையை அதுவும் தாண்டாது. மூன்றாவது, மின் பிரேக்குக்கே உள்ள குறைகள். சக்கரம் சுழன்றால்தான் காந்தம் நெம்புகோலை இழுக்கும். ஆகவே ஊர்ந்து போகும்போது வலு குறையும், நிறுத்தி வைத்த வண்டிக்குக் கட்டை போட்டே ஆக வேண்டும். சேறும் தூசியும் படும் இணைப்பில் தொடர்பு அறும். இந்தக் குறைகளை ஒப்புக்கொள்ளலாம். லாரிகளில் உள்ள காற்று பிரேக்கோ, எண்ணெய் அழுத்தப் பிரேக்கோ பொருத்தமானால் அதையே வைக்கட்டும். மின் பிரேக்கின் சிறப்பு, டிராக்டரில் ஏற்கெனவே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டு, கம்ப்ரஸரும் அழுத்தக் குழாயும் இல்லாமல், சிறு பட்டறையிலேயே சேர்க்க முடியும் என்பதே. ஒரு பிரேக்குக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர். நான்குக்கும் சேர்த்து 12. இது டிராக்டருக்குத் தாங்காத சுமை அல்ல.

கடைசி எதிர்வாதம் செலவு. அதுதான் உண்மையானது, 1889-க்கு முன் ரயில் கம்பெனிகள் சொன்னதும் அதுவே. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டும் சாதாரண டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். இங்கே அதைப்போலப் பல மடங்கு பாரம் பிரேக் இல்லாமல் தேனியின் சாலைகளில் போகிறது. இந்தச் செலவைத் தனி விவசாயி மேல் வைப்பது நியாயமில்லை. உழவுக் கருவிகளுக்கு மானியம் வழங்கும் வேளாண்மைப் பொறியியல் துறை, டிரெய்லர் பிரேக்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். பழைய அச்சை வாங்கும் பட்டறைக்காரர், அதிலிருக்கும் டிரம்மைக் கழற்றிப் போடாமல் வேலைக்குக் கொண்டுவரலாம். கொட்டகுடிக்குக் கம்பிவடம் போட்டவர்களுக்கும் போடிக்கு ரயில் விட்டவர்களுக்கும் தெரிந்திருந்ததை, நாம் டிராக்டர் விஷயத்தில் மட்டும் மறந்திருக்க வேண்டியதில்லை. புதிதாகக் கட்டும் எந்த டிரெய்லரும் தனக்கென்று பிரேக் இல்லாமல் பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது.