தோளில் அமரும் பாரம்

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களில் பாரம் சுமப்பதைக் 'காவுதல்' என்பது வழக்கு. 'கா' என்னும் பழஞ்சொல் தோளில் வைக்கும் தடியைக் குறிக்கும். இருபுறமும் நிறை ஒத்திருந்தால் தோளே பாரத்தைத் தாங்கும். கை அணைத்து நின்றாற் போதும். ஆனித் திருவிழாவில் நயினாதீவு நாகபூசணி அம்மன் சந்நிதியிற் காவடி எடுக்கும் அடியாருக்கும் இதுவே விதி.

அவரைப் படம்பிடிக்கும் கருவியும் இதற்கு விலக்கன்று. ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய 1982ஆம் ஆண்டிலேயே சோனி நிறுவனத்தார் பீற்றாகாம் என்னும் தோட்கமெராவை வெளியிட்டனர். முன்னே வில்லை, பின்னே மின்கலம், நடுவே தோள். 2008இல் வந்த கனன் 5டி மார்க் 2 போன்ற சிறு கமெராக்களிலோ தோளில் அமரும் உடலில்லை. பாரம் கைக்கு மாறிற்று. கை சோர்ந்தபோது படமும் நடுங்கிற்று. எனவே தோட்சட்டம் வேண்டப்பட்டது.

அதன் கணக்கு எளியது. தோளுக்கு முன்னே 30 சென்ரிமீற்றரில் 2 கிலோ நின்றால், பின்னே 20 சென்ரிமீற்றரில் 3 கிலோ வேண்டும். கமெராவை 15 சென்ரிமீற்றருக்கு அண்மையாக்கினால் ஒன்றரைக் கிலோவே போதும். அதிற் பெரும்பங்கை மின்கலமே ஈடுசெய்யும். ஆகவே முதலில் கமெராவை நெருக்குக. பின்னரே எதிர்நிறை சேர்க்குக. கைப்பிடியைத் தளர்த்தினும் சட்டம் சாயாது நின்றால், அதுவே சமநிலை.

1990ஆம் ஆண்டின் போரால் தீவகத்தார் பலர் ஊர்பெயர்ந்தனர். கடல் கடந்து வாழ்வோர்க்குத் திருவிழாவைக் காட்டுவது அப்படமே. அது நடுங்காதிருத்தல் வேண்டும்.