மூக்கு வழியா, வாய் வழியா?

குறை மாதத்தில் பிறந்த சிசுவின் முகத்தில் மெல்லிய குழாய் ஒன்று செருகப்பட்டிருப்பதைக் கண்டு கலங்காத பெற்றோர் இலர். தமிழ் வழங்காத ஊரில், நம் மொழி அறியாத மருத்துவரிடம் அதுபற்றி வினவ நேருங்கால் கலக்கம் இருமடங்காகிறது. ஆகவே அக்குழாயின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய ஸ்தெபான் தார்னியே என்பார், அந்நகர விலங்குக் காட்சிசாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டு, அதுபோன்றதொன்றைச் சிசுக்களுக்காகச் செய்வித்தார். 1880-ஆம் ஆண்டை ஒட்டி அது வழக்கிற்கு வந்தது. 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள சிசுக்களுள் நூற்றுக்கு 66 ஆக இருந்த இறப்பு 38 ஆயிற்று. வெப்பம் கிட்டிற்று; உணவுக்கு என் செய்வது? உறிஞ்சவும் விழுங்கவும் வலுவற்ற சிசு, கதகதப்பான பெட்டியிலேயே பட்டினியால் வாடுமன்றோ? எனவே அவர் ரப்பர்க் குழாயை வாய் வழியே இரைப்பைக்குச் செலுத்திப் பாலூட்டலானார். இம்முறைக்கு வழங்கிய 'கவாஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல், வாத்துகளைக் கொழுக்க வைக்க அவற்றின் தொண்டையில் தீனி திணிப்பதைக் குறிப்பது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அச்சொல்லை உள்ளவாறே தமிழாக்க மனம் வரவில்லை. 'குழாய்வழி ஊட்டல்' என்றே கொள்வோம்.

அக்காலத்துக் குழாய் வேளைதோறும் செருகப்பட்டு, பால் இறங்கியதும் எடுக்கப்பட்டது. அதற்கு வாயே போதுமானதாயிருந்தது. 1951-இல் அமெரிக்க மருத்துவர் சிலர், பாலிதீன் குழாயை மூக்கின் வழியே செலுத்தி அங்கேயே தங்க வைக்கும் முறையை வெளியிட்டனர். மூக்கிலுள்ள குழாயை நாவால் தள்ள இயலாது, அது எளிதில் நழுவாது, குமட்டலும் குறைவு. தாயின் மார்பில் வாய் வைத்துப் பழகவும் இடமுண்டு.

ஆயினும் பச்சிளம் சிசு பெரும்பாலும் மூக்காலேயே சுவாசிப்பது. அச்சிறு துளையில் பாதியைக் குழாய்க்கு ஈந்தால் மூச்சுக்கு மீதி என்ன? மூக்குக் குழாய் காற்றோட்டத்தின் தடையை மிகுவிக்கிறதென்பதை 1980-இல் வெளிவந்த அளவீடுகள் காட்டின. உணவா மூச்சா என்னும் இக்கட்டு இதுவே. நுரையீரல் முதிராச் சிசுவுக்கு வாய்வழியைப் பலர் தேர்வதும், மூச்சு சீரடைந்த பின் மூக்குக்கு மாற்றுவதும் இதனால்தான். எவ்வழி மேலானதென 2013-இல் ஆய்வுகளை ஒருங்கு திரட்டி நோக்கியபோது, கிடைத்தவை சிலவும் சிறியனவுமாதலால் தீர்ப்புக் கூற இயலவில்லை. குழாயை இரைப்பை தாண்டிச் சிறுகுடல் வரை செலுத்தும் முறையும் 1970-களில் ஆர்வத்துடன் ஆளப்பட்டது. நன்மை மெய்ப்படாமையால் வழக்கமான முறையாக அது நிலைக்கவில்லை.

வழி எதுவாயினும் முனை இரைப்பையில்தான் உளதா என்பதே உயிர்நிலையான கேள்வி. வழிதவறி நுரையீரல் புகுந்த குழாயில் பால் விடுவது பேராபத்து. மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் முனைக்கும் கொப்பூழுக்கும் நடுவிடம் என நீளத்தை அளப்பர். மார்பெலும்போடு நிறுத்திய பழைய அளவு பல சிசுக்களுக்குக் குட்டையாகிக் குழாய் உணவுக்குழலிலேயே நின்றுவிடுவதுண்டு. ஊசிக்குழலால் காற்றைச் செலுத்தி வயிற்றில் ஒலி கேட்கும் பழக்கம் நம்பத்தக்கதன்று. காற்று நுரையீரலில் புகுந்தாலும் ஒலி கேட்கக்கூடும். உறிஞ்சியெடுத்த நீரின் அமிலத்தைத் தாளில் சோதிப்பதும், ஐயமிருப்பின் எக்ஸ்-ரே எடுப்பதுமே முறை. செவிலியர் ஊட்டுமுன் அந்நீரைச் சோதித்தனரா என்று பெற்றோர் கேட்பதில் பிழையில்லை.

நம் நாட்டு வழக்கில், கருவின் 32 வாரத்தை எட்டிய சிசு குழாயினின்று மெல்ல விடுபட்டு, தாயின் பாலைப் பாலாடையில் பருகத் தொடங்குகிறது. நம் வீட்டுப் பாட்டிமார் சங்கால் புகட்டியது போன்ற அதே சிறு மூக்குடைய கலம்தான், தில்லி மருத்துவமனைகளிலும் அத்தமிழ்ப் பெயராலேயே வழங்குகிறது.