புறக்காழும் அகக்காழும்: வில்மரத் தேர்வும் பட்டறை முறையும்

சேரர் தம் இலச்சினையாகக் கொண்டது வில். புறநானூற்றின் 152ஆம் பாடல், வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்ற செய்தியைத் தருகிறது. ஆயினும் அத்தகைய வில் எம்மரத்தால், எம்முறையில் செய்யப்பட்டது என்பதைப் பாடல்கள் விளக்குவதில்லை. அது அவற்றின் நோக்கமும் அன்று. ஆதிச்சநல்லூர் முதலிய களங்களில் இரும்பாலான அம்புமுனைகள் கிடைத்துள்ளன. ஆனால் வில்லின் உடலாகிய மரம், வெப்பமும் ஈரமும் மாறிமாறி வரும் நிலத்தில் விரைவில் மட்கிவிடும். எனவே வில்தச்சனின் தொழிலறிவை, எஞ்சியிருக்கும் சொற்களைக் கொண்டும், வில் எங்கும் கீழ்ப்பட்டு நடக்கும் பொருளியல்பைக் கொண்டுமே மீட்க வேண்டியுள்ளது. தொல்காப்பிய மரபியல் கூறும் புறக்காழ், அகக்காழ் என்னும் பாகுபாடு இம்முயற்சிக்கு ஏற்ற திறவுகோல் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

வில்லின் இரு முகங்கள்

வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கிய புறமுகம் நீட்சியடைகிறது; எய்வோனை நோக்கிய அகமுகம் அமுக்கமடைகிறது. இடைப்பகுதி இரண்டிலும் சிறிதளவே பங்கேற்கிறது. புறமுகத்தில் நார் அறுபட்டால் வில் ஒடியும். அகமுகம் அமுக்கத்தைத் தாங்காவிடில் நார்கள் நெரிந்து மடிப்பு விழும்; அல்லது வில் வளைந்தவாறே நின்று விசையிழக்கும். ஆகவே வில்மரத் தேர்வு என்பது வன்மையான மரத்தைத் தேடுவது மட்டுமன்று. நீட்சியைத் தாங்கும் பகுதி புறத்திலும், அமுக்கத்தைத் தாங்கும் பகுதி அகத்திலும் அமையுமாறு ஒரு மரத்தை எவ்வாறு பிளப்பது, எப்பக்கத்தைச் சீவுவது என்பதும் அத்தேர்வில் அடங்கும்.

மரபியல் ஓரறிவுயிர்களை இருவகைப்படுத்துகிறது. வயிரம் புறத்தே அமைந்தவை புல் எனவும், அகத்தே அமைந்தவை மரம் எனவும் பெயர்பெறும். பனை, தெங்கு, மூங்கில் முதலியன முதல்வகையின. வேங்கை, தேக்கு முதலியன இரண்டாம் வகையின. இலக்கண நூலார் இதனை வில்தச்சருக்காகக் கூறவில்லை. எனினும் கோடரியும் உளியும் எடுத்தவன் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு இதுவே.

புறக்காழ் வில்

மூங்கிலின் குறுக்குவெட்டில் நார்க்கற்றைகள் தோலையொட்டி நெருங்கியும், உட்புறம் செல்லச்செல்ல விலகியும் இருக்கும். எனவே மூங்கில் வில்லில் தோல்முகமே புறமுகமாக நிற்கும். சீவுதல் அனைத்தும் உட்பக்கத்தில் நிகழும். தோலில் உளி பட்டால் அவ்விடத்திலிருந்தே சிம்பு கிளம்பும். இளமூங்கில் நீரும் மாவும் மிகுந்தது. காயும்போது சுருங்கும், உளுத்தும் போகும். முற்றிய கழியை வறண்ட பருவத்தில் வெட்டி நிழலில் உலர்த்துவது இதனாலேயே.

பனையும் இவ்வாறே. முதிர்ந்த பனையின் அடிப்பகுதியில் பட்டையை அடுத்துக் கருநார் செறிந்த வயிரம் உண்டு, நடுப்பகுதி மென்மையானது. வில்லுக்கு வேண்டுவது அவ்விளிம்புப் பகுதியே. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வில்லுக்குரிய பொருள்களாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு என நான்கைக் கூறுகிறது. முதலிரண்டும் புறக்காழ், மூன்றாவது அகக்காழ், நான்காவது விலங்கிலிருந்து பெறுவது. நாணுக்குரிய பொருள்களாக அந்நூல் மருள்நார் (மூர்வை), எருக்கநார், சணல், மூங்கில், நரம்பு முதலியவற்றைக் கூறுகிறது. மத்திய இந்தியப் பில் மக்கள் மூங்கில் வில்லுக்கு மூங்கிற்பட்டையாலேயே நாண் அமைப்பர்; நூற்செய்தி தொழில்வழக்கோடு பொருந்துவதற்கு இது சான்று.

சப்பானிய நெடுவில்லாகிய யூமி இம்முறையின் வளர்ந்த நிலை. அதில் மரத்துண்டுகளாலான நடுப்பகுதியின் இருமுகத்திலும் மூங்கிற்பட்டை, தோல் வெளிப்புறமாக இருக்குமாறு, பசையிட்டு ஒட்டப்படுகிறது. கயிற்றால் இறுகச் சுற்றி ஆப்புகளைச் செருகி, பசை காயுமுன் வில்லுக்கு வளைவு தரப்படுகிறது.

அகக்காழ் வில்

மரவில்லில் நிலை வேறு. மரத்தின் பட்டையை அடுத்திருப்பது வெளிறிய இளம்பகுதி; அதனுள் இருப்பது வயிரம். ஐரோப்பாவின் யூ மரத்தில் இவ்விரண்டும் ஒரே கழியில் வேண்டியவாறு அமைந்துள்ளன: வெளிறு நீட்சியைத் தாங்கும், வயிரம் அமுக்கத்தைத் தாங்கும். எனவே ஆங்கிலேய வில்தச்சர் மெல்லிய வெளிற்றுப் படலத்தைப் புறமுகத்தில் விட்டு, வயிரத்தை அகமுகமாகச் சீவினர். 1545இல் மூழ்கி 1982இல் மேலெடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் இம்முறையைக் கண்கூடாகக் காட்டுகின்றன. கப்பல் மூழ்கிய அதே 1545இல் ரோஜர் ஆஸ்கம் வெளியிட்ட வில்நூல், எல்ம், ஆஷ் முதலிய மரங்களைத் தாழ்ந்தன என்றும் யூவே சிறந்தது என்றும் மதிப்பிடுகிறது. அம்மரத்தின் தேவை அரசாணையாகவும் வெளிப்பட்டது: 1472ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்துக்குச் சரக்குக் கொணரும் வணிகர் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்கழிகளைக் கொணர வேண்டும் என விதித்தது.

வட அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு மரத்திலோ வெளிற்றை முற்றும் நீக்கி, வயிரத்தில் ஒரே ஆண்டு வளையத்தைப் புறமுகமாக நிறுத்துவது பெருவழக்கு. வளையம் இடையில் அறுபட்டால் நாரும் அறுபடும் என்பதே காரணம். யூவில் காக்கப்படும் பகுதி இதில் கழிக்கப்படுகிறது. மரத்தின் இயல்பே முறையை வகுக்கிறது. முறை மரத்தை வகுப்பதில்லை.

ஏனைய படிகள் பெரும்பாலும் பொதுவானவை. நேரான நாரும் குறைந்த கணுவும் உடைய அடிமரம் தேர்ந்தெடுக்கப்படும். வாளால் அறுப்பதினும் ஆப்பால் பிளப்பது மேல். பிளவு நார்வழியே செல்லும். வெட்டுமுனைகளை மெழுகு போன்றவற்றால் மூடினால் முனைவெடிப்புக் குறையும். புறமுகத்துக் கணுவைச் சீவாமல் மேடாக விடுவர். இறுதியில் நாணேற்றிச் சிறிது சிறிதாக இழுத்து, மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்து வளைகின்றனவா என நோக்கி, விறைப்பான இடத்தில் மட்டும் அகமுகத்தைச் சீவுவர். பொறுமை தவறி முன்னரே முழுதும் இழுத்தால், அவ்வளைவு வில்லில் நிலைத்துவிடும்.

பெயரில் எஞ்சிய பட்டறை

இவ்வறிவு நூலாகாத இடங்களிலும் பெயராக எஞ்சியுள்ளது. பழைய நோர்ஸ் மொழியில் ஈர் என்னும் ஒரே சொல் யூ மரத்தையும் வில்லையும் குறித்தது. ஓசேஜ் ஆரஞ்சைப் பிரெஞ்சுக்காரர் வில்மரம் எனப் பொருள்படும் புவா தார்க் என்றனர். சப்பானியரின் மயூமி என்னும் மரப்பெயருள் வில்லின் பெயராகிய யூமி அடங்கியுள்ளது. வடமொழிக் கார்முகம், கிருமுகம் என்னும் மரத்தின் பெயரிலிருந்து பிறந்தது, சார்ங்கம் கொம்பாலானது. அர்த்தசாத்திரத்தில் மூங்கில் வில்லைச் சுட்டும் சாபம், தமிழில் வில்லின் பொதுப்பெயராயிற்று.

தமிழின் சிலை என்னும் சொல்லும் இவ்வரிசையது. அகராதிகள் அதனை வில் என்றும் ஒருவகை மரம் என்றும் குறிக்கின்றன. சிலைத்தல் என்னும் வினைக்கு ஒலித்தல் என்பது பொருளாதலால், நாணொலியால் வில் பெயர்பெற்று, பின்னர் அப்பெயர் மரத்துக்குச் சென்றிருக்கவும் கூடும், மயூமி அத்தகையதே. மரத்திலிருந்து வில்லுக்கோ வில்லிலிருந்து மரத்துக்கோ, பெயர் எவ்வழி சென்றிருப்பினும் இரண்டிற்குமிடையே பட்டறை ஒன்று நின்றது என்பது உறுதி.

முடிவுரை

வில், சிலை, சாபம் ஆகியவை பிற்காலத்தில் ஒருபொருட் பன்மொழியாயின. மொழிபெயர்ப்பாளரும் அவற்றை ஒரே சொல்லால் பெயர்த்துச் செல்கின்றனர். அதனால் பனையும் மூங்கிலும் மரமும் கொம்பும் வேறுவேறு கைத்திறனை வேண்டின என்னும் செய்தி மறைகிறது. சிலை மரப்பெயராகவும் நிற்பதால், அவ்வில் அகக்காழ் வகையினதாகக் கருதத்தக்கது. அம்மரத்தை இனங்காண விழையும் ஆய்வு, ஒலியொப்புமையை மட்டும் நம்பாமல், நேர்நார், குறைகணு, நீட்சியும் அமுக்கமும் தாங்கும் வயிரம் என்னும் பட்டறை அளவைகளையும் கொண்டு, குறிஞ்சி, பாலை நிலங்களில் வளரும் மரங்களைச் சோதித்தல் வேண்டும். மரபியலின் பாகுபாடு அச்சோதனைக்கு முதற்படியாகும். சொல்லாய்வும் தச்சறிவும் இணைந்தால் மட்டுமே, மட்கிய வில்லின் உருவை ஓரளவேனும் மீட்க இயலும்.