பாகியான் கண்டதும் கேட்டதும்

குடமுழுக்கு விழா மலர்களில் அயல்நாட்டு யாத்திரிகரின் சான்றுகளை எடுத்துக் காட்டுதல் நம்மவர்க்குப் பழகிப்போன மரபாகும். சீனத்திலிருந்து வந்தவர் இன்னவாறு எழுதினார், வெனிசு நகரத்திலிருந்து வந்தவர் இன்னதைக் கண்டு வியந்தார் என்று இரண்டொரு வரிகளைச் சேர்த்துவிட்டால் கட்டுரைக்கு ஒரு பெருமை வந்துவிடுகின்றது. இவ்வரிகளை எழுதும் கையும் அப்பழக்கத்துக்கு விலக்கன்று. ஆனால், அந்த யாத்திரிகர் யார், எதை நாடி வந்தார், தாம் கூறுவதைக் கண்ணாற் கண்டாரா, செவியாற் கேட்டாரா என்று நாம் வினவுவது அரிது. நாம் வினவுமுன்பே அதற்கு விடையும் எழுதிவைத்துச் சென்ற முதியவர் ஒருவர் உண்டு. அவரே சீனத் துறவி பாகியான்.

பாகியான் சீனத்தின் வடபகுதியில், இன்று ஷான்சி என வழங்கும் மாகாணத்தில், நான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த ஆண்மக்கள் மூவரும் பாற்பல் விழும் பருவத்துக்கு முன்னரே மாண்டனர். இவனேனும் பிழைத்திருக்கட்டும் என்று தந்தையார் மூன்றாம் வயதிலேயே அவரைப் புத்தப் பள்ளிக்கு நேர்ந்துவிட்டார். பிள்ளை தங்காத வீடுகளில் நம் நாட்டுப் பெற்றோர் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதும் இவ்வண்ணமே அன்றோ! பள்ளியின் வயலில் சிறு துறவியர் கதிர் அறுத்துக்கொண்டிருந்த ஒருநாள், பசித்த கள்வர் சிலர் வந்து தானியத்தைப் பறிக்க முனைந்தனர். மற்றச் சிறுவர் ஓடிவிட்டனர். பாகியான் மட்டும் நின்று, வேண்டுமளவு எடுத்துக்கொள்ளுமாறு கூறி, முற்பிறப்பில் ஈயாமையால் இப்பிறப்பில் பசித்தவர்கள் இப்பிறப்பிலும் பிறர் பொருளைப் பறித்தால் மறுபிறப்பில் என் செய்வார்கள் என்று இரங்கினாராம். கள்வர் தானியத்தை விட்டு அகன்றனர் என அவர் சரிதம் கூறும்.

இத்தகையவர் அறுபது வயதைக் கடந்த பின்னர் யாத்திரை புறப்பட்டார். புண்ணியத் தலங்களைத் தரிசிக்கும் ஆவல் ஒருபால் இருக்க, அவரை உந்திய பெருங்காரணம் ஒரு நூல். துறவியர் ஒழுகவேண்டிய முறைகளைக் கூறும் விநய நூல்கள் சீனத்தில் குறையாகவே கிடைத்தன. முழு நூலைப் பிறந்த நாட்டிலேயே தேடிப் பெயர்த்தெழுதிக் கொணர்வது என்று உறுதிபூண்டு, 399ஆம் ஆண்டில் துறவியர் நால்வருடன் சாங்கான் நகரத்தை விட்டுப் புறப்பட்டார். வழியில் மேலும் சிலர் சேர்ந்தனர்.

முதலில் எதிர்ப்பட்டது மணற்கடல். மேலே பறவை இல்லை. கீழே விலங்கு இல்லை. முன்னே சென்று மாண்டவர்களின் வெள்ளெலும்புகளே வழிகாட்டும் குறிகளாயின. பதினேழு நாள் நடந்து அதனைக் கடந்தனர். பின்னர்க் கோத்தான் நாட்டை அடைந்தபோது அங்கே தேர்த்திருவிழா நெருங்கியிருந்தது. அதைக் கண்டே செல்வது என்று பாகியான் மூன்று மாதம் அங்குத் தங்கிவிட்டார்! விரைந்து செல்லவேண்டிய முதியவர், ஒரு தேரோட்டத்துக்காக மூன்று மாதம் காத்திருந்த இச்செய்தி, தேரடியில் நின்று பழகிய நமக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றது! முப்பது முழத்துக்கு மேல் உயர்ந்த தேர் நகரவாயிலுக்கு நூறு அடி தொலைவில் வரும்போது, அரசன் முடியைக் களைந்து, புத்தாடை உடுத்து, வெறுங்காலுடன் மலரும் தூபமும் ஏந்தி எதிர்கொண்டு சென்று, திருவடியில் தலைதாழ்த்தி வணங்கினான் என்று அவர் எழுதுகின்றார். வாயில் மாடத்தின் மேலிருந்து அரசியும் மகளிரும் மலர் சொரிந்தனர்.

பனிமலைகளில் நேர்ந்தது வேறு. இன்றைய ஆப்கானிய நாட்டுப் பகுதியில் மலையொன்றைக் கடக்கையில் கடுங்குளிர் காற்று வீசியது. உடன்வந்த ஊய்ஜிங் என்னும் துறவி நடக்கமாட்டாமல் விழுந்தார். வாயில் வெண்ணுரை தள்ளியது. தம்மை விட்டுவிட்டு விரைந்து செல்லுமாறும், எல்லோரும் ஒருங்கே இங்கு மடியவேண்டா என்றும் கூறி உயிர் நீத்தார். பாகியான் அவர் உடலைத் தடவி, எண்ணிவந்தது நிறைவேறவில்லையே என்று புலம்பினார். அதன்பின் எழுந்து மேலே நடந்தார். இந்நிகழ்ச்சிக்கு அவர் நூலில் சில வரிகளே இடம்பெற்றுள்ளன.

அவர் நாடிவந்த நூல் வட இந்தியாவில் எளிதில் கிட்டவில்லை. காரணம் வியப்பானது: அங்கே ஆசிரியர் ஓத மாணவர் கேட்டு மனத்தில் கொள்வதே முறையாக இருந்தது, பெயர்த்தெழுத ஏடு இல்லை. மறைகளை எழுதாக் கிளவியாகப் போற்றிய நாட்டில் இது இயல்பே. ஆகவே பாடலிபுத்திரம் வரை செல்லவேண்டியதாயிற்று. அங்கே மகாசாங்கிகர் விநயம் ஏட்டு வடிவில் கிடைத்தது. எழுபதை நெருங்கிய அம்முதியவர் அங்கு மூன்றாண்டு தங்கி, வடமொழி பயின்று, தம் கையாலேயே நூல்களைப் பெயர்த்தெழுதினார்.

அந்நகரில் அவர் கண்டவற்றுள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, ஆண்டுதோறும் நடந்த தேர்விழா. நான்கு சக்கர வண்டியின்மேல் மூங்கிலால் ஐந்து நிலை கட்டி, வெண்துணி போர்த்து வண்ணம் தீட்டி, ஏறத்தாழ இருபது தேர்கள் ஊர்வலம் வந்தன. அந்தணர்களே வந்து புத்தர் திருவுருவங்களை நகருக்குள் எழுந்தருளுமாறு அழைத்தனர். இரவெல்லாம் விளக்கும் இசையும் நிறைந்தன. மற்றொன்று, வணிகப் பெருமக்கள் நடத்திய அறச்சாலை. ஏழைகள், ஆதரவற்றோர், உறுப்புக் குறைந்தோர், நோயுற்றோர் யாவரும் அங்கே சென்றனர். மருத்துவர் நோய் நாடி, ஏற்ற உணவும் மருந்தும் அளித்தனர். குணமானதும் தாமே சென்றனர்.

இவற்றையும், மத்திய தேசத்து மக்கள் உயிர்க்கொலை செய்யாமலும் கள்ளுண்ணாமலும் வாழ்ந்தனர் என்று அவர் எழுதியதையும் நம் நூல்கள் விரும்பி எடுத்தாளும். அதே பகுதியில், சிறிதும் இடைவெளியின்றி, அவர் எழுதிய மற்றொன்றைப் பலர் தொடாமல் விட்டுவிடுவர். சண்டாளர் எனப்பட்டோர் ஊர்ப்புறத்தே ஒதுங்கி வாழ்ந்தனர். நகருக்குள்ளோ அங்காடிக்குள்ளோ வருங்கால் ஒரு மரக்கட்டையைத் தட்டிக்கொண்டே வந்தனர். அவ்வோசை கேட்டுப் பிறர் விலகினர். இதனை அவர் பழித்தும் எழுதவில்லை, புகழ்ந்தும் எழுதவில்லை. கண்டார், எழுதினார். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் அரிசன அன்பர்களை அழைத்துச் சென்றபோது, அந்தக் கட்டை ஒலிக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கடந்திருந்தன. யாத்திரிகரின் சான்றை ஏற்போமாயின், அறச்சாலையுடன் இதனையும் ஏற்றே தீரவேண்டும். இனிப்பானதை எடுத்துக் கசப்பானதைத் தள்ளுதல் சான்றை மதித்ததாகாது.

இராசகிருகத்தை அடுத்த கழுகுமலையில் அவர் ஓர் இரவு தங்கினார். மலரும் தூபமும் விளக்கெண்ணெயும் வாங்கிக்கொண்டு ஏறி, வழிபட்டு, புத்தர் வாழ்ந்த காலத்தில் பிறவாமற் போனேனே என்று கண்ணீர் சொரிந்து, சூத்திரம் ஓதி, காலையில் இறங்கினார். அவ்வளவே அவர் எழுதியது. அவர் காலமானபின் பிறர் எழுதிய சரிதத்திலோ, அன்றிரவு கரிய சிங்கங்கள் மூன்று அவர் முன் வந்து வாலாட்டி, தலைதாழ்த்தி, அவர் கைபட நின்றன என்று காண்கிறோம். சிங்கங்கள் வந்திருந்தால் அவரே எழுதியிரார் என்பதற்குக் காரணம் இல்லை. மலைநாகங்கள் நச்சுக்காற்றை உமிழும், பூதங்கள் அசோகனுக்கு அரண்மனை கட்டின என்பன போன்ற செய்திகளைக்கூட அவர் நம்பி எழுதியிருக்கின்றார். அற்புதத்துக்கு அவர் பகைவர் அல்லர். ஆயினும் தமக்கு நேராததைத் தமக்கு நேர்ந்ததாக எழுதினாரில்லை.

இவ்வியல்பு நம்மைப் பெரிதும் பாதித்த இடம் ஒன்று உண்டு. கோசாம்பிக்குத் தெற்கே இருநூறு யோசனை தொலைவில் தட்சிணம் என்னும் நாடு இருப்பதாக அவர் குறிப்பிடுகின்றார். அங்கே ஒரு மலையைக் குடைந்து ஐந்து நிலையாக அமைத்த பள்ளி உள்ளதாம். அடிநிலை யானை வடிவினது, அறைகள் ஐந்நூறு. அதன்மேல் சிங்கம், குதிரை, எருது. உச்சிநிலை புறா வடிவினது, அறைகள் நூறு. மேலே ஊறும் சுனைநீர் ஒவ்வோர் அறையையும் சுற்றிக் கீழே இறங்குமாம். இது எந்த மலை என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒன்றுபடவில்லை. இவ்வளவும் விரித்துரைத்த பின்னர் அவர் கூறுவதே நாம் நோக்கவேண்டியது. தட்சிணத்து வழிகள் இடர் மிக்கவை. செல்ல விரும்புவோர் அந்நாட்டு அரசனுக்குப் பொருள் கொடுத்தால் அவன் வழித்துணைக்கு ஆள் அனுப்புவான். தம்மால் அங்குச் செல்ல இயலவில்லை. அந்நாட்டார் கூறியதையே எழுதினேன் என்கின்றார்.

தமிழ்நாட்டு வரலாற்றில் அக்காலம், களப்பிரர் காலம் என்றும் இருண்ட காலம் என்றும் நாம் பெயரிட்டுச் சான்றின்றித் தடுமாறும் காலமாகும். கண்டதைக் கண்டவாறு எழுதும் ஒருவர் அன்று வடக்கே வந்திருந்தார். துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளக் கைப்பொருள் இருந்திருப்பின் தெற்கேயும் நடந்திருப்பார். நம் ஊர்களையும் பள்ளிகளையும் தேவாலயங்களையும் பற்றி நான்கு பக்கம் எழுதியிருப்பார். இத்துயரத்தை ஆற்ற வழியில்லை. கேட்டதைக் கண்டதாக எழுதி நம் குறையை அவர் தீர்த்திருக்கலாமே என்றும் நாம் விரும்ப முடியாது. அப்போது அவர் எழுதிய மற்றவற்றுக்கும் மதிப்பு ஏது?

கங்கை முகத்துத் தாம்ரலிப்தியில் இரண்டாண்டு தங்கிப் பெயர்த்தெழுதியபின், குளிர்காலக் காற்றில் வணிகக் கப்பல் ஏறித் தென்மேற்காக ஓடிப் பதினான்கு நாளில் சிங்களம் சேர்ந்தார். நம் கீழ்க்கரை முழுதும் அவருக்கு வலப்புறம் கழிந்தது. அதனைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை.

அநுராதபுரத்தில் அபயகிரிப் பள்ளியில் இருபது முழத்துக்கு மேல் உயர்ந்த பச்சைக்கல் புத்தரை வணங்கி நின்றார். நாடுவிட்டுப் பல்லாண்டாயின. உடன்வந்தோருள் சிலர் மாண்டனர்; சிலர் திரும்பினர்; இறுதிவரை உடனிருந்த தாவோசெங் என்பவரும் பாடலிபுத்திரத்துத் துறவியரின் ஒழுக்கத்தில் ஈடுபட்டு அங்கேயே தங்கிவிட்டார். கண்ணில் படும் மலையும் மரமும் மனிதரும் எல்லாம் அயலானவை. அப்பொழுது வணிகன் ஒருவன் அத்திருவுருவின் முன் காணிக்கையாக வைத்த பொருளை நோக்கினார். அது சீனத்து வெண்பட்டு விசிறி. அவர் கண்களில் நீர் பெருகியது. மணற்கடலையும் பனிமலையையும் கடந்தவரை ஒரு விசிறி கலங்கச் செய்தது.

இலங்கையில் இரண்டாண்டு தங்கி, சீனத்தில் இல்லாத நூல்கள் சிலவற்றைப் பெற்றார். புத்தரின் பிச்சைப் பாத்திரம் காலந்தோறும் எந்தெந்த நாட்டுக்குச் செல்லும் என்று இந்தியத் துறவி ஒருவர் அங்கே ஓதக் கேட்டு, அதனை நூலாக எழுதிக்கொள்ள விழைந்தார். இதற்கு ஏடு இல்லை, வாய்மொழியாகவே ஓதுகிறேன் என்று அத்துறவி விடைதந்தார். அவ்விடையையும் பாகியான் விடாமல் எழுதிவைத்தார்.

திரும்பும் வழியில் கடல் அவரைச் சோதித்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் ஏறிய கப்பல் மூன்றாம் நாளே புயலிற் சிக்கி நீர் கசிந்தது. சிறு படகில் இருந்தோர், மற்றவர் வந்து ஏறிவிடுவர் என்று அஞ்சிக் கயிற்றை அறுத்துக்கொண்டனர். வணிகர் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாகியானும் தம் நீர்க்குடத்தையும் கைகழுவும் கலத்தையும் எறிந்தார். அவருக்கிருந்த அச்சம் ஒன்றே: தம் ஏடுகளையும் திருவுருவங்களையும் வணிகர் எறிந்துவிடுவரோ என்பது. பதின்மூன்று நாளுக்குப்பின் ஒரு தீவில் பொத்தலை அடைத்து, தொண்ணூறு நாள் ஓடி யாவகம் அடைந்து, அங்கு ஐந்து மாதம் காத்திருந்து வேறு கப்பல் ஏறினார். மீண்டும் புயல். இத்துறவியை ஏற்றியதாலேயே இக்கேடு வந்தது, ஏதேனும் ஒரு தீவில் இவரை இறக்கிவிடுவோம் என்று கப்பலில் இருந்த அந்தணர்கள் சூழ்ந்தனர். அவரை ஆதரித்த வணிகர் ஒருவர் எழுந்து, இறக்குவதாயின் தம்மையும் உடன் இறக்குமாறும், இல்லையேல் தம்மைக் கொன்றுவிடுமாறும் கூறி, சீனம் சேர்ந்ததும் அரசனிடம் முறையிடுவேன் என்று எச்சரித்தார். அவர் பெயரைப் பாகியான் எழுதவில்லை. அந்த ஒருவர் வாய்திறவாதிருந்தால் இந்நூலே இல்லை.

உணவு அருகியது, கடல்நீரில் சமைத்தனர், குடிநீரை ஆளுக்கு இரு படியாக அளந்தனர். திக்குத் தெரியாமல் மிதந்து ஒரு கரையை அடைந்தபோது எந்த நாடு என்று எவர்க்கும் விளங்கவில்லை. கரையில் முளைத்திருந்த பழகிய கீரையைக் கண்டே சீனம் வந்துவிட்டோம் என்று தெளிந்தனர். ஆண்டு 412. அவர் கண்ட நாடுகள் ஏறக்குறைய முப்பது. பின்னர் நான்கிங் சென்று, கொணர்ந்த விநய நூலைப் புத்தபத்திரர் என்னும் இந்தியத் துறவியுடன் கூடி மொழிபெயர்த்தார். நண்பர்கள் வேண்டியமையால் யாத்திரை வரலாற்றையும் எழுதினார். எண்பது கடந்த வயதில் காலமானார். அவர் நூலை 1836ஆம் ஆண்டு வெளிவந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வாயிலாகவே மேல்நாடு அறிந்தது. கன்னிங்காம் முதலியோர் புதைந்துபோன தலங்களைத் தேடியபோது அந்நூலும் கையில் இருந்தது.

அவர் செல்லாத தெற்குக்கு வேறொருவர் வந்தார். ஏழாம் நூற்றாண்டில், பல்லவ நரசிம்மவர்மன் காலத்தில், யுவான் சுவாங் காஞ்சியை அடைந்து, நூற்றுக்கு மேற்பட்ட புத்தப் பள்ளிகளும் எண்பது தேவாலயங்களும் அந்நாட்டில் உள்ளன என்று எழுதினார். இலங்கைக்குச் செல்வதே அவர் கருத்து. ஆனால் அங்கிருந்து வந்த துறவியர், அரசன் இறந்தான், நாட்டில் பஞ்சம் என்று கூறவே, அவர் காஞ்சியிலிருந்து திரும்பிவிட்டார். அவர் எண்ணிய எண்பது தேவாலயங்களுள் ஒன்றன் பெயரையும் எழுதவில்லை.