கூட்டலும் கழித்தலும் போன தூரம்

நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவி மண்ணுக்கடியில் எவ்வளவு பழுப்பு நிலக்கரி கிடக்கிறது என்று அறிய, ஊரையே தோண்ட வேண்டாம். அங்கங்கே துளை போட்டால் போதும். தோண்டினால் எப்படியிருக்கும் என்பதை 2023 ஜூலையில் அந்த ஊர் கண்டுவிட்டது. நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் இறங்கின.

அணுக்கருவின் உள்துகள்களான குவார்க்குகளுக்குக் கணக்குப் போடுகிறவர்களும் முழுக்கத் தோண்டுவதில்லை. அவர்களுடைய துளைக்கருவி, காசு சுண்டிப்போட்டு +1, −1 என்று நிரப்பிய நீண்ட எண்வரிசை. இந்தச் சீரற்ற வரிசை உத்தி இயற்பியலில் பிறந்ததல்ல. 1980களின் கடைசியில் பிரான்சில் ஜிரார், கான்பெராவில் மைக்கேல் ஹட்சின்சன் என்று இரண்டு ஆய்வாளர்கள், சிதறிய அளவீடுகளின் மேல் வழுவழுப்பான பரப்பு வரைய முயன்றபோது பிறந்தது. ஹட்சின்சனுக்கு மழை, வெப்பக் கணக்குகள்தான் முக்கியம். அந்தப் பரப்பு வரைய, எண்களைச் சதுரமாக அடுக்கிய ஒரு பெரிய அணியின் சுவடு, அதாவது மூலைவிட்ட எண்களின் கூட்டல், தேவைப்பட்டது.

வரிசையை அணியால் பெருக்கி, வந்ததை அதே வரிசையோடு மறுபடி பெருக்கிக் கூட்ட வேண்டும். மூலைவிட்டத்தில் குறி தன்னோடு தானே பெருகி எப்போதும் 1 ஆகும். அந்தப் பங்கு சேதாரமில்லாமல் வந்துசேரும். மற்ற எண்கள் ஒருமுறை கூட்டலாக, ஒருமுறை கழித்தலாக வந்து, பல வரிசைகளின் சராசரியில் அடிபட்டுப்போகும். காஸ் பரவலிலிருந்து எடுத்த எண்களை நிரப்பினாலும் விடை வரும். ஆனால் அவற்றின் வர்க்கம் 1-இல் நிற்காது. மூலைவிட்டமும் சேர்ந்து ஆடும்.

1994இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் டாங்கும் லியூவும் இந்தக் குறிகளைக் குவார்க் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் ராஜீவ் கவாய், சௌரேந்து குப்தா இருவரும் குவார்க் பொருளின் மாறுநிலைப் புள்ளியை, அதாவது நிலைமாற்றத்தின் இயல்பே மாறும் இடத்தை, தேடியபோது, இதன் உறவுக்காரர்களான சீரற்ற வரிசைகளைத்தான் நம்பினார்கள். 2008இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், வெளியையும் காலத்தையும் கட்டங்களாக்கிய பெரிய லாட்டிஸ், நீள அகல உயரத்தில் 24, காலத்தில் 6 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நிறம். ஆக அணிக்கு 2,48,832 வரிகள். வேண்டியதோ அதன் நேர்மாறின் சுவடு. நேர்மாறை முழுதாக எழுதினால் ஆறாயிரம் கோடிக்கும் மேல் எண்கள், அதுவும் குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்களின் அமைப்பு மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக! சில நூறு வரிசைகளோடு முடிந்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்?

ஆனால் ஒரு கண்ணி உண்டு. இரண்டு சுவடுகளைப் பெருக்க நேரும்போது இரண்டுக்கும் ஒரே வரிசையைப் போட்டால், இரைச்சல் தன்னோடு தானே பெருகி விடையை ஒரு பக்கம் இழுத்துவிடும். புதுக் காசுதான் சுண்ட வேண்டும். பிழையைப் பாதியாக்க வரிசைகளை நாலு மடங்காக்கவும் வேண்டும். கணினி நேரத்தைத் தின்பது இந்த இடந்தான்.

2011இல் குப்தாவும் சகாக்களும் இத்தகைய கணக்குகளை அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் அணுக்கரு மோதல் தரவுகளோடு பொருத்தி, குவார்க் பொருளின் நிலைமாற்ற வெப்பநிலை சுமார் 175 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: ஏறக்குறைய இரண்டு லட்சம் கோடி டிகிரி. மாறுநிலைப் புள்ளி மட்டும் இன்னும் உறுதியாகவில்லை.