முன்பாரம், பின்பாரம்: வில்வண்டியிலிருந்து காயில்ஓவர் வரைக்கும்

இன்னிக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்குது. ஒரு கார் நாலு மூலையிலயும் ஒரே உயரத்துல நின்னா, அது சமமா நிக்குதுன்னு சொல்லலாமா?

நான் சொல்லலாம்னுதான் நெனச்சேன். என்கிட்ட ஏபிஎஸ் இல்லாத ஒரு பழைய ஹேட்ச்பேக் இருக்கு. அதுக்குக் காயில்ஓவர் போட்டு, அபார்ட்மென்ட் பார்க்கிங்ல நிறுத்தி, நாலு ஃபெண்டரையும் டேப் வெச்சு அளந்து, மில்லிமீட்டர் சுத்தமா ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் போட்டாச்சு. பொங்கலுக்கு அதையே ஓட்டிக்கிட்டு ஊருக்குப் போனேன், தாமிரபரணிக் கரையில இருக்கிற முக்கூடலுக்கு. ஊர் நெருங்கும்போது ஈர ரோட்டுல ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. பிரேக் அடிச்சேன். இடது முன் சக்கரம் லாக் ஆகி, கார் வலது பக்கமா, அதாவது எதிர்ல வர்ற வண்டிங்க பக்கமா இழுத்துச்சு. பக்கத்து சீட்ல அம்மா. எதிர்ல அப்ப வண்டி எதுவும் வரல. அவ்வளவுதான் எங்களைக் காப்பாத்துனது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தாத்தா கேட்டார்: "ஏல, வண்டி முன்பாரமா இருக்கா, பின்பாரமா இருக்கா?"

தாத்தா இளவயசுல மாட்டுவண்டி அடிச்சவர். நான் முதல்ல சிரிச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. நான் உயரத்தை அளந்திருக்கேன், அவர் பாரத்தைக் கேக்கிறார்.

மாட்டோட கழுத்துதான் தராசு

மாட்டுவண்டிக்கு ஒரே அச்சு, ரெண்டு சக்கரம். மூட்டையை முன்பக்கம் அதிகமா ஏத்துனா முன்பாரம்: நுகத்தடி மாட்டோட கழுத்தை அமுக்கும், தோல் உரிஞ்சு புண்ணாகும். பின்பக்கம் அதிகமானா பின்பாரம்: நுகத்தடி மேல தூக்கிக்கும், பூட்டாங்கயிறு மாட்டோட தொண்டையை இறுக்கும். பாக்கிறவனுக்கு ரெண்டு வண்டியும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் தெரியும். வித்தியாசம் மாட்டுக்குத்தான் தெரியும். அதனால நல்ல வண்டிக்காரர் மூட்டை ஏத்தி முடிச்சதும் நுகத்தடியைக் கையால தூக்கிப் பாத்து, ஒரு மூட்டையை முன்னயோ பின்னயோ நகர்த்துவார்.

இது ஏதோ கிராமத்துப் பழங்கதை இல்ல. பெங்களூரு ஐஐஎம்மோட முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி, 1970கள்ல மாட்டுவண்டியை ஒரு மேலாண்மைப் பிரச்சினையாவே எடுத்துக்கிட்டார். மாட்டோட கழுத்துல விழுற பாரமும் நுகத்தடிப் புண்ணும் அவர் திரும்பத் திரும்பப் பேசுன விஷயங்கள்.

வில் வந்த கதை

சாதாரணக் கட்டைவண்டியில ஸ்பிரிங் கிடையாது. ரோட்டுப் பள்ளம் அப்படியே முதுகெலும்புக்கு வரும். லண்டன்ல 1804ல ஒபதியா எலியட்ங்கிறவர் நீள்வட்ட வடிவ வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். வளைஞ்ச இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செஞ்ச அந்த மாதிரி வில், குதிரைவண்டியோட குலுக்கலைக் குறைச்சுது. நம்ம ஊர்ல அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவுல வில் வெச்ச வண்டிக்கு ஜனங்க வெச்ச பேர் வில்வண்டி. வசதியான வீட்டு வாசல்ல நிக்கிற வண்டி அது.

வில் வந்தும் பாரப் பிரச்சினை போகல. "கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க"ன்னு வண்டிக்காரர் சொல்றது அதனாலதான். இன்னிக்கு நாம ஸ்பேனர் வெச்சுப் பண்றதை அவர் ஆளுங்களை நகர்த்திப் பண்ணினார்.

பட்டை வில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் போச்சு. 1950கள்ல வந்த அம்பாசடர்லயும் பின்பக்கம் பட்டை வில்தான். இதுக்கு நடுவுல, காயில் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேத்து ஒரே தூணா ஆக்கிய எர்ல் மெக்ஃபர்சனோட வடிவம், 1950ல வெளியான ஃபோர்டு கான்சல்ல வந்துச்சு. 1983 டிசம்பர்ல மாருதி 800 முன் சக்கரத்துல அதே வகைத் தூணோட வந்தப்ப, நம்ம நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது வந்து சேந்துச்சு.

காயில்ஓவர்ங்கிறது அதோட அடுத்த படி. தூணோட உடம்புல மரை இருக்கும். ஸ்பிரிங் உக்கார்ற வளையத்தைத் திருகி ஏத்தலாம், இறக்கலாம். இது ரேஸ்காரங்களோட கருவி. ரெண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்துல பல வருஷம் ரேஸ் நடந்துச்சு. 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்துச்சு. கோவைக்காரர் எஸ்.கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் காரை உருவாக்கினார். செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு. ரேஸ்ல காரோட உயரத்தைக் கண்ணால பாத்து முடிவு பண்ண மாட்டாங்க. நாலு சக்கரத்துக்கு அடியிலயும் நாலு தராசு வைப்பாங்க.

நாலு கால் மேஜை

டீக்கடை மேஜையில ஒரு கால் குட்டையா இருந்தா என்ன ஆகும்? எதிரெதிர் மூலையில இருக்கிற ரெண்டு கால்தான் பாரம் தாங்கும், மத்த ரெண்டும் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கும். காரும் அப்படித்தான். ஒரு மூலையில வளையத்தை ஏத்துனா, அந்தச் சக்கரத்துலயும் அதுக்குக் குறுக்கே எதிர்மூலையில இருக்கிற சக்கரத்துலயும் பாரம் கூடும். மத்த ரெண்டுலயும் குறையும்.

ஊர்லேர்ந்து திரும்பினதும் ஒரு கராஜ்ல தராசு மேல காரை ஏத்துனோம், நான் டிரைவர் சீட்ல உக்காந்துக்கிட்டு. தோராயமாச் சொல்றேன்: வலது முன் 300 கிலோ, இடது முன் 250, வலது பின் 160, இடது பின் 190. மொத்தம் 900. வலது முன், இடது பின் குறுக்குக் கோட்டுல 490. இன்னொரு கோட்டுல 410 மட்டும்தான். இடது முன் சக்கரம் ஏன் முதல்ல லாக் ஆச்சுன்னு இப்பப் புரியுதா? அது மேல பாரம் கம்மி, ரோட்டைப் பிடிக்க அதுக்குத் தெம்பு இல்ல.

தப்பு எங்க நடந்துச்சு? பார்க்கிங் தரையில தண்ணி வடியுறதுக்காக ஒரு மூலைக்கு வாட்டம் விட்டிருக்காங்க. கோணலான தரையில நிறுத்தி உயரத்தை ஒண்ணாக்கினேன். அந்தக் கோணலை ஸ்பிரிங்குக்குள்ளயே பூட்டிட்டேன்.

இடது முன், வலது பின் வளையங்களைக் கொஞ்சம் ஏத்தி, மத்த ரெண்டையும் இறக்கினோம். இப்ப வலது முன் 280, இடது முன் 270, வலது பின் 180, இடது பின் 170. ரெண்டு குறுக்குக் கோட்டுலயும் 450. ஒண்ணு கவனிங்க: வலது பக்க மொத்தம் 460, இடது பக்க மொத்தம் 440, அது மாறவே இல்ல. முன்பக்க 550ம் அப்படியே இருக்கு. வளையம் பாரத்தைக் குறுக்கே மட்டும்தான் நகர்த்தும். பக்கவாட்டுப் பாரத்தை மாத்தணும்னா தாத்தா மாதிரி மூட்டையைத்தான் நகர்த்தணும்.

நீங்க பண்றதா இருந்தா: மட்டமான தரை, நாலு டயர்லயும் சரியான காத்து, டிரைவர் எடைக்குச் சீட்ல ஆளு. ஒவ்வொரு தடவை திருகின பிறகும் காரைக் கொஞ்சம் உருட்டி, ஸ்பிரிங்கைப் படியவிட்டு அளங்க. சக்கர மையத்துலேர்ந்து ஃபெண்டர் வரைக்கும் அளந்தா டயர் தேய்மானம் குழப்பாது. பூட்டு வளையத்தை இறுக்க மறக்காதீங்க. உயரம் மாறுனா சக்கரக் கோணமும் மாறும், அதனால அலைன்மென்ட் கட்டாயம். இன்னொண்ணு, தயாரிப்பாளர் சொன்ன அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு விடாது. 2019ல உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கு. ரோட்டுல ஓட்டுற காரா இருந்தா முதல்ல ஆர்டிஓ-ல கேட்டுட்டுக் கை வைங்க.

இப்ப டேப் வெச்சா என் கார்ல முன்னாடி ரெண்டு பக்கத்துக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வருது. போட்டோவுக்கு நல்லா இருக்காது. ஆனா பிரேக் அடிச்சா நேரா நிக்குது. தாத்தாகிட்ட போன்ல சொன்னேன். "சரி, அம்மையை ஏத்திக்கிட்டுப் போகும்போதும் பாத்துக்கோ"ன்னார். அவர் சொல்றதும் சரிதான், தராசுல நான் மட்டும்தானே உக்காந்திருந்தேன்.

உங்க வீட்டுல வண்டி ஓட்டின தாத்தாவோ, பட்டறை வெச்சிருந்த மாமாவோ இருந்தா, அவங்க பாரம் பாக்கிற முறையைக் கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறேன். பாத்துப் போங்க மக்களே.