லாருட் மலைப் பாதை



மலையேறுவதற்காகவே கடல் கடந்து போகிறவர்கள் உண்டு. சபாவிலுள்ள கினபாலு மலைக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் நம் பேராக் மாநிலத்திலேயே, காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடக்கூடிய மலை ஒன்று இருக்கிறது. தைப்பிங் நகரை ஒட்டி நிற்கும் புக்கிட் லாருட்தான் அது. பெரியவர்களுக்கு இன்னமும் அது மேக்ஸ்வெல் மலைதான். பெயர் மாறியது 1979-இல்.

1884-ஆம் ஆண்டில் இம்மலையில் ஓய்விடம் அமைக்கப்பட்டது. அப்போது பேராக்கில் துணை ரெசிடெண்டாக இருந்த மேக்ஸ்வெல்லின் பெயரே மலைக்கும் வந்தது. இந்தியாவில் வெயிலுக்கு அஞ்சி உதகமண்டலம் போன அதே வழக்கத்தை ஆங்கிலேயர் இங்கும் கொண்டுவந்தார்கள். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். 1,250 மீட்டர் உயரத்திலுள்ள விடுதிகளில் வெப்பம் அடிவாரத்தைவிட ஏழு டிகிரி வரை குறைவு. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைத்தொடரில் மோதி மேலேறிக் குளிர்வதால்தான் தைப்பிங்கில் அவ்வளவு மழை.

அந்தக் குளிர்ச்சி எல்லாருக்கும் கிடைத்ததா? துரைமார் குதிரையில் போனார்கள். அல்லது நாற்காலியில் அமர்ந்திருக்க, ஆட்கள் சுமந்து போனார்கள். கீழே, 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்நாட்டின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வந்திருந்தது. பாதை போட்டவர் ஒருவர், பயணம் செய்தவர் வேறொருவர்.

பிறகு போர் வந்தது. 1942, 1943-இல் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் மாண்டவர் ஏராளம். கணவன் திரும்பாத வீடுகள் எத்தனையோ லயங்களில் இருந்தன. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. தோற்று நின்ற ஜப்பானியச் சிப்பாய்களைக் கொண்டே லாருட் மலைக்கு வண்டிப் பாதை வெட்டத் தொடங்கினார்கள். அது 1948-இல் முடிந்தது. இன்று நாம் நடக்கும் பாதை அதுவே.

மலைக்குப் போகும் சாலையின் இருபுறமும் போர்க் கல்லறைத் தோட்டம் உள்ளது. எண்ணூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே உறங்குகிறார்கள். இந்திய வீரர்களும் அவர்களில் உண்டு. பெயர் தெரியாதவருக்குங்கூட ஒரு கல் நட்டிருக்கிறார்கள். சயாமில் மாண்ட நம் மக்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கல்லும் கிடைக்கவில்லை. அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டு மலையேறுங்கள்.

விடியற்காலையிலேயே புறப்படுங்கள். பாதை பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்; வளைவுகளும் அதிகம். குடிதண்ணீரும் மழைக்கு ஒரு குடையும் கையில் இருக்கட்டும். அட்டைகள் உண்டு, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மண் சரிவதுண்டு. ஆகவே பாதை திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். நடுவழியில் தேயிலைத் தோட்டம் இருந்த இடம் வரும். அங்கே இளைப்பாறலாம். வானம் தெளிந்திருந்தால் மேலிருந்து கடற்கரை வரை தெரியும்.

பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். நம் பாட்டன்மார் பால்மரக் காட்டிலிருந்து அண்ணாந்து பார்த்த மலைகளில் அதுவும் ஒன்று. ஏறும்போதே அவர்கள் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?